எதிரணியின் டிஃபென்ஸ் தடுமாறினால் ஆஃபென்ஸ் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளும்? மிச்சிகன் – ஒஹாயோ ஸ்டேட் ஆட்டங்களை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கன் ஃபுட்பால் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். இதைப் படித்தால் புரியுமா?

புரியும். மைதானத்தின் நீளம் 100 யார்டு, பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணி ஆஃபென்ஸ், தடுக்கும் அணி டிஃபென்ஸ். ஆஃபென்ஸுக்கு நான்கு முயற்சிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு கிடைக்கும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதற்கப்புறம் பந்தை உதைத்து இன்னும் ஒரு புள்ளி எடுக்கலாம்.

ஆஃபென்ஸில் குவாட்டர்பேக்தான் பந்தை வாங்கி, ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடவைப்பார், அல்லது ரிசீவருக்கு எறிவார், அதுதான் பாஸ். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் அரண்போல நிற்பார்கள். டிஃபென்ஸில் முன்வரிசை, அதன் பின்னால் லைன்பேக்கர்கள், ரிசீவர்களை விடாமல் பிடித்துக்கொள்ளும் கார்னர்பேக்குகள், எல்லோருக்கும் பின்னால் கடைசிக் காவலாக சேஃப்டிகள். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போவது இந்த சேஃப்டிகள்தான். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

எத்தனையோ கல்லூரி அணிகள் இருக்க, ஏன் இந்த இரண்டு?

ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில் மோதிக்கொள்ளும் பரம எதிரிகள். இருவர் கையிலும் பணமும் ஆள்பலமும் தாராளம். அதனால் 'திறமை இல்லை, தோற்றார்கள்' என்று எளிதாக முடித்துவிட முடியாது. ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் யார் யாருடைய ஓட்டையைச் சரியாகப் படித்தார்கள் என்பதில் வந்து நிற்கும். 2012 முதல் 2019 வரை ஒஹாயோ ஸ்டேட் தொடர்ந்து 8 முறை ஜெயித்தது. 2020 ஆட்டம் கோவிட்டால் ரத்தானது. 2021-இல் எல்லாம் மாறியது.

ஒரு டிஃபென்ஸ் தடுமாறுகிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

ரசிகர்கள் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பார்கள். கோச்சுகள் வீடியோவைப் பார்ப்பார்கள். சராசரி எண்கள் நிறைய மறைத்துவிடும். 'ஒரு ஆட்டத்துக்கு இத்தனை யார்டு விடுகிறார்கள்' என்பதால் பயனில்லை. எந்த டவுனில், மைதானத்தின் எந்தப் பக்கம், யார் எதிரே நின்றபோது விட்டார்கள் என்பதுதான் வேண்டும்.

சில சமயம் பலவீனம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். 2021 சீசனில் மிச்சிகன் ஸ்டேட் (இது வேறு அணி, மிச்சிகன் வேறு) பாஸ் ஆட்டத்தைத் தடுப்பதில் நாட்டிலேயே அடிமட்டத்தில் இருந்தது. நவம்பர் 20 அன்று ஒஹாயோ ஸ்டேட்டின் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ராட் அவர்களுக்கு எதிராக 35 பாஸ்கள் எறிந்தார். அதில் 32 போய்ச் சேர்ந்தன. 432 யார்டு, 6 டச் டவுன், ஆறுமே முதல் பாதியில். ஆட்டம் 56–7. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, தெரிந்த இடத்தில் அடித்தார்கள், விழுந்தது.

மறைந்திருக்கும் பலவீனத்தைக் கண்டுபிடிப்பதுதான் சுவாரஸ்யம். அதே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அப்படி ஒன்று இருந்தது.

ஒஹாயோ ஸ்டேட்டின் பலவீனம் எங்கே வெளிப்பட்டது?

2021-இன் முதல் ஆட்டத்திலேயே கொஞ்சம் தெரிந்தது. மினசோட்டாவின் ரன்னிங் பேக் மொஹமட் இப்ராஹிம் 163 யார்டு ஓடினார். நடுவில் காயம்பட்டு வெளியேறாவிட்டால் இன்னும் ஓடியிருப்பார். ஒஹாயோ ஸ்டேட் 45–31 என்று ஜெயித்ததால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

அடுத்த வாரம், செப்டம்பர் 11, ஓரிகன் அணி ஒஹாயோ ஸ்டேட்டின் சொந்த ஊரான கொலம்பஸுக்கே வந்து 35–28 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஒஹாயோ ஸ்டேட்டின் ஆஃபென்ஸ் அன்று 612 யார்டு எடுத்தது. எடுத்தும் தோற்றது. ஓரிகன் எடுத்த 505 யார்டில் 269 ஓடியே வந்தவை. சி.ஜே. வெர்டெல் மட்டும் 161 யார்டு, அதில் ஒரே ஓட்டத்தில் 77.

ஓரிகனின் ஆஃபென்ஸ் கோச் ஜோ மூர்ஹெட் செய்ததைப் புரிந்துகொள்ள மைதானத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். கல்லூரி மைதானம் 160 அடி அகலம். பந்தை வைக்கும் குறுக்குக் கோடுகள் இரு ஓரங்களிலிருந்தும் 60 அடி தள்ளியிருக்கும். அதனால் பந்து ஒரு கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. தொழில்முறை ஆட்டத்தில் அந்தக் கோடுகள் நடுவை ஒட்டியே இருப்பதால் இவ்வளவு ஏற்றத்தாழ்வு கிடையாது. கல்லூரி டிஃபென்ஸ்கள் இயல்பாகவே அந்த 100 அடிப் பக்கத்துக்கு அதிக ஆட்களை அனுப்பும். ரிசீவர்கள் அங்கேதானே பரந்து நிற்கிறார்கள்?

ஓரிகன் ரிசீவர்களை அகலப் பக்கம் நிறுத்தி ஆசை காட்டியது. தடுப்பவர்களைக் குறுகிய பக்கம் குவித்து அந்த வழியே ஓடியது. டிஃபென்ஸ் நின்ற இடத்தை மாற்றவில்லை. மறுபடியும் அதே பக்கம் ஓடினார்கள். அப்போதும் மாற்றவில்லை. எதிரணி ஒரே ஆட்டத்தில் ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் குத்துகிறது, மருந்து போட ஆளில்லை. எனக்கு அந்த ஆட்டத்தில் 77 யார்டு ஓட்டத்தைவிட இந்தத் திருத்தாமைதான் பெரிய செய்தியாகப் பட்டது. மற்ற அணிகளின் கோச்சுகளும் அதைத்தான் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கப்புறம் ஒஹாயோ ஸ்டேட் சரிசெய்துகொண்டதே?

செய்துகொண்டது, ஓரளவு. டிஃபென்ஸ் கோச் கெர்ரி கூம்ஸிடமிருந்து ஆட்டத்தை வழிநடத்தும் பொறுப்பு மாட் பார்ன்ஸ் கைக்குப் போனது. அமைப்பும் மாறியது. பின்னால் ஒரே சேஃப்டி என்றிருந்தது பல சமயம் இருவரானது. வெற்றிகள் வரிசையாக வந்தன.

ஆனால் அந்த வெற்றிகளில் ஒரு விஷயம் கவனிக்கப்படவில்லை. பல ஆட்டங்களில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஆஃபென்ஸ் சீக்கிரமே பெரிய முன்னிலை எடுத்துவிடும். பின்தங்கிய அணி ஓடிக்கொண்டிருக்க முடியாது, நேரம் போய்விடும், எறிந்துதான் ஆகவேண்டும். அதாவது, ஓட்டத்தைத் தடுப்பதில் இருந்த ஓட்டை அடைபட்டதா இல்லையா என்று பெரிதாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வரவில்லை. நவம்பர் 20-இன் 56–7-ஐப் பார்த்து 'டிஃபென்ஸ் தேறிவிட்டது' என்று நம்பியவர்கள் அதிகம். அந்த எண் ஸ்ட்ராட்டைப் பற்றியது. டிஃபென்ஸைப் பற்றி அது சொன்னது கொஞ்சம்தான்.

2021 நவம்பரில் மிச்சிகன் என்ன செய்தது?

ஓடியது. அவ்வளவுதான் என்று ஒரு வரியில் முடிக்கலாம், ஆனால் அதற்குள் நிறைய கணக்கு இருக்கிறது.

ஆஃபென்ஸின் முன்வரிசையில் ஐந்து பேர் நின்றால், அவர்களுக்கு நடுவில் நான்கு சந்து, இரு ஓரங்களிலும் ஒன்றொன்று, மொத்தம் ஆறு. டிஃபென்ஸ் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். ஓரத்தில் டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பாஸும் பிடிப்பார்) ஒருவரைச் சேர்த்தால் சந்து ஏழு, இன்னொருவரைச் சேர்த்தால் எட்டு. எட்டையும் அடைக்க வேண்டுமென்றால் பின்னாலிருக்கும் ஒரு சேஃப்டி முன்னே வந்தாக வேண்டும். வந்தால் தலைக்கு மேலே பாஸ் போகும். வராவிட்டால் ஒரு சந்து திறந்தே கிடக்கும். போதாததற்கு, பந்து வந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் தன் இடத்தைவிட்டு மறுபக்கம் ஓடிப்போய்த் தடுத்தால், கடைசி நொடியில் அந்தப் பக்கம் இன்னொரு புதுச் சந்து முளைக்கும். ஆஃபென்ஸ் கோச் ஜாஷ் காட்டிஸும் முன்வரிசைப் பயிற்சியாளர் ஷெரோன் மூரும் இந்தக் கணக்கை வைத்தே அன்றைய ஆட்டத்தை நடத்தினார்கள்.

நவம்பர் 27, மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பர், லேசான பனிப்பொழிவு. முதல் டச் டவுனை ரிசீவர் ஏ.ஜே. ஹென்னிங் எடுத்தார், அதுவும் பந்தைக் கையில் வாங்கி ஓரமாகச் சுற்றி 14 யார்டு ஓடி. அது வெறும் 7 புள்ளி மட்டுமில்லை. ஓரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பயத்தை டிஃபென்ஸுக்குள் விதைத்துவிட்டது. அப்புறம் நடுவே ரன்னிங் பேக் ஹாசன் ஹாஸ்கின்ஸ். 28 ஓட்டம், 169 யார்டு, 5 டச் டவுன். அணி மொத்தமாக ஓடியே 297 யார்டு எடுத்தது. ஆறு டச் டவுனும் ஓடி எடுத்தவை. பாதி ஆட்டத்தில் 14–13 என்று மூச்சைப் பிடித்திருந்த ஆட்டம் 42–27 என்று முடிந்தது.

செப்டம்பரில் ஓரிகன் ஒரு பக்கத்தைக் குத்தியது. மிச்சிகன் பக்கமெல்லாம் பார்க்கவில்லை, ஆட்களின் எண்ணிக்கையையும் உடல் வலுவையும் வைத்து நேராக மோதியது. அதற்கு வருடம் முழுக்கத் தயாரிப்பும் இருந்தது. ஓட்டத்தை மட்டுமே பழகும் ஒரு பயிற்சிக்கு 'பீட் ஒஹாயோ' என்றே பெயர் வைத்திருந்தார் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா. ஒரு வாரத்தில் வீடியோ பார்த்துத் தீட்டும் திட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. எதிரியின் பலவீனம் எங்கே இருக்கிறதோ அங்கே உங்கள் பலமும் இருக்க வேண்டும்.

ஓடிக்கொண்டே இருப்பதில் வேறு லாபம் உண்டா?

உண்டு. ஓடினால் கடிகாரம் நிற்காமல் ஓடும். ஸ்ட்ராட் அன்று 394 யார்டு எறிந்தார். அப்படிப்பட்டவர் மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மிச்சிகன் டிஃபென்ஸுக்கு ஓய்வு.

2022-இல் அதே வித்தையை மறுபடி காட்டினார்களா?

இல்லை. அதனால்தான் இந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

2021 தோல்விக்குப் பின் ஒஹாயோ ஸ்டேட் ஓக்லஹோமா ஸ்டேட்டிலிருந்து ஜிம் நோல்ஸைக் கொண்டுவந்தது. அவருடைய பாணி ஆக்ரோஷம்: ஆட்களை முன்னால் குவிப்பது, பிளிட்ஸ் அனுப்புவது, அதாவது லைன்பேக்கர், சேஃப்டி என்று கூடுதல் ஆட்களைக் குவாட்டர்பேக் மேல் ஏவிவிடுவது. ஓட்டத்தைத் தடுக்க இது நல்ல மருந்து. ஆனால் கிரிக்கெட்டில் பாயிண்ட் வழியே ரன் போகிறது என்று ஸ்லிப்பை எடுத்து அங்கே நிறுத்திய கேப்டனின் கதைதான், அடுத்த பந்து எட்ஜ் வாங்கி ஸ்லிப் இருந்த இடத்தில் போகும். சீசன் முழுக்க எண்கள் நன்றாகவே இருந்தன. என்றாலும் பென் ஸ்டேட் 31 புள்ளியும், மிச்சிகன் ஆட்டத்துக்கு முந்தைய வாரம் மேரிலாண்ட் 30 புள்ளியும் எடுத்திருந்தார்கள்.

நவம்பர் 26, கொலம்பஸ். இரு அணிகளும் 11–0, அதாவது 11 வெற்றி, தோல்வியே இல்லை. மிச்சிகனின் முதன்மை ரன்னிங் பேக் பிளேக் கோரம் முழங்கால் காயத்தோடு வந்து இரண்டே முறை ஓடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் பாதியில் மிச்சிகனின் ஓட்டம் நகரவே இல்லை. நோல்ஸின் மருந்து வேலை செய்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே முதல் பாதியில் கொர்னீலியஸ் ஜான்சன் 69 யார்டிலும் 75 யார்டிலும் இரண்டு டச் டவுன் எடுத்தார். முதலாவது குறுகிய பாஸ்தான். பிடித்தவரை ஒருவர் தவறவிட்டார், பின்னால் மறித்துப் பிடிக்க யாருமில்லை. பிளிட்ஸுக்குக் கொடுக்கும் விலை அது. மூன்றாம் கால்பகுதியில் டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லாண்ட் 45 யார்டு பாஸைப் பிடித்து இன்னொன்று எடுத்தார். குவாட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி எறிந்த 24 பாஸில் 12தான் சேர்ந்தன, பார்த்தால் சுமாரான எண். ஆனால் அவை 263 யார்டு கொடுத்தன, அதில் 189 அந்த மூன்று டச் டவுன்களில்.

கடைசிக் கால்பகுதியில் டானவன் எட்வர்ட்ஸ், கையில் கட்டோடு, 75 யார்டும் 85 யார்டும் ஓடினார். ஓட்டத்தைத் தடுக்கவென்று முன்னே குவிந்தவர்களைத் தாண்டியதும் எதிரே வெறும் புல்தரை. 45–23. ஐந்து டச் டவுன்கள் 45 யார்டும் அதற்கு மேலும். மிச்சிகன் கொலம்பஸில் ஜெயித்தது 2000-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

2021-இல் ஓட்டையை அடித்தார்கள். 2022-இல் அந்த ஓட்டையை அடைக்கப் போட்ட ஒட்டுத்துணியையே அடித்தார்கள். பார்வையாளர்கள் பலர் போன வருடத்துப் பலவீனத்தையே தேடிக்கொண்டிருந்தபோது, அது இடம் மாறிவிட்டதை மிச்சிகன் பார்த்துவிட்டது.

தெரிந்த பலவீனத்தை முதல் முயற்சியிலேயே அடித்துவிடலாமே, ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எதிரணிக்குத் திருத்தத் தெரியாது என்று உறுதியாக இருந்தால் உடனே அடிக்கலாம், ஓரிகன் அப்படித்தான் செய்தது. திருத்தக்கூடிய அணி என்றால் பாதி இடைவேளைக்கு முன் எல்லாவற்றையும் காட்டிவிடக் கூடாது, அந்த இடைவேளையில் அவர்கள் மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள். 2022-இல் நகராத அந்த முதல் பாதி ஓட்டங்களும் வீணில்லை. சேஃப்டிகளை முன்னால் இழுத்து வைத்திருந்தவை அவைதான்.

பலவீனம் கண்ணெதிரே இருந்தும் அடிக்காமல் விடுவார்களா?

விடுவார்கள். மிகப் பெரிய அணிகளே விட்டிருக்கின்றன. 2024 நவம்பர் 30, கொலம்பஸ். மிச்சிகன் 6–5 என்று தட்டுத்தடுமாறி வந்தது. ஒஹாயோ ஸ்டேட் 10–1, தரவரிசையில் இரண்டாம் இடம். மிச்சிகன் டிஃபென்ஸின் இரும்புப் பகுதி நடுமுன்வரிசை: மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். பலவீனம் பின்பகுதி. அதன் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் காயத்தால் ஆடவில்லை. ஒஹாயோ ஸ்டேட் கையிலோ ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்புகா என்று நாட்டின் தலைசிறந்த ரிசீவர்கள்.

என்ன செய்தார்கள்? நடுவில் போய் முட்டினார்கள். 26 ஓட்டத்தில் 77 யார்டு. தோல்வி 13–10.

'மென்மையான அணி' என்று மூன்று வருடமாகக் கேலி கேட்ட அணி, தானும் முரடன்தான் என்று நிரூபிக்கக் கிளம்பியது என்பது என் கணிப்பு. ரோஷத்துக்கு ஆடுவது ரசிகர்கள் செய்யவேண்டிய வேலை, கோச்சின் வேலை இல்லை. மூன்று வாரம் கழித்து பிளேஆஃபில் டென்னஸியை எதிர்த்து அதே ஒஹாயோ ஸ்டேட் ஆரம்பத்திலிருந்தே எறிந்தது. ஸ்மித் இரண்டு டச் டவுன், 42–17. அங்கிருந்து தேசியக் கோப்பை வரை போய்விட்டார்கள். ஆட்கள் அதேதான், பந்து போன இடம்தான் வேறு.

மிச்சிகன் சிக்னல் திருடித்தானே ஜெயித்தது?

கேட்கவேண்டிய கேள்விதான். எதிரணி கோச்சுகள் வீரர்களுக்குக் காட்டும் கைசாடைகளை மைதானத்தில் ஆட்டத்தின்போது படித்துப் புரிந்துகொள்வது விதிப்படி தவறில்லை. ஆனால் வரப்போகும் எதிரணியின் ஆட்டங்களுக்கு ஆளனுப்பி நேரில் வேவு பார்ப்பது 1994 முதல் தடை. மிச்சிகன் ஊழியர் ஒருவர் அப்படி ஏற்பாடு செய்தார் என்ற விசாரணை 2023 அக்டோபரில் வெளியே வந்தது. அந்த சீசனில் ஹார்பா கடைசி மூன்று வழக்கமான ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ பெரும் அபராதமும் தடைகளும் விதித்தது.

இதனால் லாபமே இல்லை என்று வாதாட மாட்டேன். பிளிட்ஸ் வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்தால் எந்தக் குவாட்டர்பேக்குக்கும் சந்தோஷம்தான். கறை கறைதான். ஆனால் விவகாரம் வெடித்த பிறகு, அந்த ஊழியரும் போய், ஹார்பாவும் இல்லாமல், மூர் பொறுப்பில் ஆடிய 2023 ஆட்டத்தையும் மிச்சிகன் 30–24 என்று ஜெயித்தது. ஹாஸ்கின்ஸ் முன்னால் எட்டுச் சந்தும் ஏழு ஆளும் இருந்ததற்கு சாடை தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. 2024 முதல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே கோச் பேசும் வசதி கல்லூரி ஆட்டத்துக்கும் வந்துவிட்டதால், சாடை திருடும் தேவை பெருமளவு குறைந்துவிட்டது.

டிவியில் பார்க்கும்போது இதையெல்லாம் நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். டிவி கேமரா பந்தையே துரத்துவதால் பின்னால் நிற்கும் சேஃப்டிகள் பல சமயம் திரைக்கு வெளியே போய்விடுவார்கள், அது ஒரு தொல்லை. பந்து கைமாறுவதற்கு முந்தைய இரண்டு நொடியில் பாருங்கள்: பின்னால் ஒருவரா, இருவரா, யாருமே இல்லையா? முன்னால் எத்தனை பேர்? பந்து ஒரு பக்கக் குறுக்குக் கோட்டில் இருந்தால் குறுகிய பக்கம் எத்தனை பேர் மிச்சம்? அப்புறம் ஒரு பெரிய ஓட்டமோ பாஸோ நடந்த பிறகு, அதே அமைப்பில் ஆஃபென்ஸ் அடுத்தமுறை வந்து நிற்கும்போது டிஃபென்ஸ் வேறு மாதிரி நிற்கிறதா என்று கவனியுங்கள். அதே மாதிரி நின்றால், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாதீர்கள்.